குளிர் நாட்டுத் தோட்டத்தில் கார்த்திகைப்பூ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனின் வடமேற்கு ஓரத்தில், கார் நிறுத்துமிடத்தைவிடக் கொஞ்சம் பெரிய பின்வளவில் பதினொரு வருடமாகக் கார்த்திகைப்பூ வளர்க்கிறேன். ஒவ்வொரு மார்ச்சிலும் அக்டோபரிலும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் போனில் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். மாதக் கணக்கெல்லாம் தென் இங்கிலாந்துக்கு உரியது. மற்ற இடங்களைப் பற்றி நடுவில் ஒரு கேள்வி இருக்கிறது.

கடைப் பையில் வேறு ஏதோ பெயர் போட்டிருக்கிறது. இது நம் ஊர்ப் பூதானா?

அதேதான். செங்காந்தள், கார்த்திகைப்பூ, கண்வலிப்பூ என்று நாம் சொல்வதெல்லாம் 1753இல் லின்னேயஸ் குளோரியோசா சுபெர்பா என்று பெயரிட்ட கொடிதான். கிழங்கு கலப்பை மாதிரி வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும் பெயர். இங்கே கடைகளில் 'குளோரியோசா லில்லி', 'ஃபிளேம் லில்லி' என்று எழுதியிருப்பார்கள். ஆப்பிரிக்காவிலும் இது இயற்கையாக வளர்வதால் நாம் மட்டும் உரிமை கொண்டாட முடியாது. தமிழ்நாட்டுக்கு மாநில மலர் என்றால் சிம்பாப்வேக்கு இதுதான் தேசிய மலர். 1947இல், அப்போது இளவரசியாக இருந்த எலிசபெத்தின் 21ஆம் பிறந்தநாளுக்குத் தென் ரொடீசியாவிலிருந்து (இன்றைய சிம்பாப்வே) இந்தப் பூவின் வடிவில் ஒரு வைர புரூச் பரிசாக வந்தது.

பெயரில் லில்லி இருந்தாலும் இது லில்லிக் குடும்பம் இல்லை. செப்டம்பரில் இலையே இல்லாமல் மண்ணிலிருந்து ஊதாப் பூ தள்ளும் கோல்ச்சிகம் இங்கே பல தோட்டங்களில் உண்டு. அதுதான் நம் காந்தளுக்குச் சொந்தம். இரண்டுக்கும் ஒரே விஷம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், தயவுசெய்து அதைப் படிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

உறைபனி விழும் நாட்டில் இந்தக் கிழங்கு எப்படிப் பிழைக்கும்?

தூங்கிப் பிழைக்கும். இதைப் புரிந்துகொண்டால் மீதிக் கேள்விகளில் பாதி தேவையே இல்லை.

ஊரில் இதை வருடம் முழுக்க யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மழை தொடங்கினால் வேலியோரத்தில் திடீரென்று ஒரு கொடி வரும், பூக்கும், காயும். மழை முடிந்து சில வாரங்களில் இருந்த இடம் தெரியாது. வெயில் கொளுத்தும் மாதங்கள் முழுக்கக் கிழங்கு காய்ந்த மண்ணுக்குள் கிடக்கும். யாழ்ப்பாணத்தில் அக்டோபர் மழைக்கு எழும்பி நவம்பரில் பூப்பதால் கார்த்திகைப்பூ ஆனது. தென்மேற்குப் பருவமழை பெய்யும் மலைப் பக்கங்களில் அதற்கு முன்பே பூத்துவிடும். ஆக, அது பார்க்கும் கடிகாரம் மாதம் இல்லை, மழை. எப்படியும் வருடத்தில் பல மாதம் தூங்க வேண்டிய செடி. ஊரில் வறட்சியில் தூங்குகிறது, இங்கே குளிர்காலத்தில் தூங்க வைக்கிறோம், அவ்வளவுதான்.

கறிவேப்பிலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கறிவேப்பிலைக்குத் தூக்கமே கிடையாது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை வரவேற்பறை ஜன்னலோரத்தில் வைத்து, ஒவ்வொரு இலையாக உதிர்வதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டும். கார்த்திகைப்பூவை அக்டோபரில் அலமாரிக்குள் வைத்துவிட்டு மார்ச் வரை மறந்துவிடலாம். என்னைக் கேட்டால் குளிர் நாட்டில் வளர்க்கக் கறிவேப்பிலையைவிட இது சுலபம்.

இதைக் கொல்வது பெரும்பாலும் குளிர் தனியாக இல்லை, குளிரும் ஈரமும் சேர்ந்துதான். காய்ந்த மண்ணில் 10 டிகிரியில் சும்மா கிடக்கும் கிழங்கு, ஈர மண்ணில் அதே 10 டிகிரியில் அழுகிவிடும்.

ஊரிலிருந்து பெட்டியில் கிழங்கு கொண்டுவரலாமா?

கூடாது. பிரிட்டனுக்குள் நடுவதற்கான கிழங்கு எதுவும் தாவர நலச் சான்றிதழோடுதான் வர வேண்டும். விமான நிலையத்தில் பிடிபட்டால் பறித்து அழித்துவிடுவார்கள். இங்கேயே ஜனவரி கடைசியிலிருந்து பூங்கிழங்கு விற்கும் கடைகளில் கிடைக்கிறது.

எந்த வகை வாங்குவது?

அதிகமாக விற்பது 'ரோத்ஸ்சில்டியானா'. இதழ் அகலம், நல்ல கருஞ்சிவப்பு, ஓரத்திலும் அடியிலும் மஞ்சள். குளிருக்கு நன்றாக ஈடுகொடுக்கிறது, முதல் தடவை வளர்ப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். ஆனால் ஊரில் பார்த்த பூ மனதில் இருந்தால் சிறிய ஏமாற்றம் வரும். நம் வேலியோரப் பூவின் இதழ் ஒடுக்கமானது, ஓரம் முழுக்க நெளிநெளியாக இருக்கும். அது வேண்டுமென்றால் பெயர்ப் பலகையில் வெறும் 'சுபெர்பா' என்று போட்டிருப்பதைத் தேட வேண்டும். 'லூட்டியா' முழு மஞ்சள். அழகுதான், ஆனால் என் மாமி அதைப் பார்த்துவிட்டு, "இது பூசணிப்பூ மாதிரி எல்லோ இருக்கு" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

கிழங்கு வாங்கும்போது விரலால் அமுக்கிப் பாருங்கள். கெட்டியாக இருக்க வேண்டும். சுண்டுவிரல் பருமனும் அதைவிட நீளமும் இருந்தால் அந்த வருடமே பூக்க வாய்ப்பு உண்டு. பென்சில் போல ஒல்லியாக இருந்தால் முதல் வருடம் இலையோடு நின்றுவிடலாம்.

கிழங்கில் எது மேல், எது கீழ்?

இரண்டும் இல்லை, படுக்க வைக்க வேண்டும். கவட்டை மாதிரி இரண்டு விரல் இருந்தால் ஒவ்வொரு விரலுக்கும் ஒரே ஒரு முளைக்கண் இருக்கும், அதுவும் ஒரு முனையில் மட்டும். உருளைக்கிழங்கு போலப் பல கண் கிடையாது. அந்த முனை உடைந்தால் கிழங்கு எவ்வளவு பருமனாக இருந்தாலும் பயனில்லை. அதுவோ கண்ணாடிக் குச்சி மாதிரி உடையும். அதனால் பையைப் பிரிக்கும்போது கிழங்கைப் பிடித்து இழுக்காதீர்கள். பையிலுள்ள மரத்தூளோடு சேர்த்து ஒரு தட்டில் மெதுவாகக் கொட்டுங்கள்.

எப்போது, எப்படி நடுவது?

மார்ச் நடுவில், வீட்டுக்குள். 25 சென்டிமீட்டர் அகலமான, ஆழமான தொட்டியில் மூன்று கிழங்கு விரல்கள் வைக்கலாம். சாதாரண கம்போஸ்ட் இரண்டு பங்கு, பெர்லைட்டோ பருமணலோ ஒரு பங்கு. கிழங்கைப் படுக்க வைத்து 5 முதல் 7 சென்டிமீட்டர் மண் மூடுங்கள். ஒரு தடவை லேசாக நனைத்துவிட்டு, முளை வெளியே தெரியும்வரை தண்ணீரை மறந்துவிடுங்கள்.

இப்போது அதற்கு வேண்டியது வெளிச்சம் இல்லை, சூடு. 20 முதல் 25 டிகிரி. விதை முளைக்க வைக்கும் சூட்டுப்பாய் இருந்தால் நல்லது. இல்லையென்றால் ரேடியேட்டருக்குப் பக்கத்தில், மேலே இல்லை. ரேடியேட்டருக்கு மேலே வைத்து ஒரு வருடம் கிழங்கைக் கருவாடாக்கியிருக்கிறேன். மூன்று வாரத்தில் முளை வரலாம், ஆறு வாரமும் ஆகலாம். ஒரே தொட்டியில் இருக்கும் மூன்றும் மூன்று நாளில் வராது. அதற்காகத் தோண்டிப் பார்க்கவே கூடாது. நான் இழந்த முனைகளில் பாதி அப்படித் தோண்டிப் பார்த்ததில்தான் போயின.

முளை தெரிந்ததும் வீட்டிலேயே வெளிச்சம் அதிகமான ஜன்னலுக்கு மாற்றுங்கள்.

நேரே தோட்டத்து மண்ணில் நட்டால் என்ன?

முதல் வருடம் அதைத்தான் செய்தேன். ஏப்ரல் நடுவில் ஒரு வார இறுதி முழுக்க வெயில். ஊர் ஞாபகம் வந்துவிட்டது. ஐந்து கிழங்கு வாங்கி வேலியோரமாக நட்டேன். மே முழுக்க எதுவும் வரவில்லை, ஜூனில் தோண்டினேன், கூழ்தான் கையில் வந்தது. ஏப்ரலில் காற்றுச் சூடாக இருந்தாலும் இங்கத்தைய களிமண் ஜூன்வரை குளிர்ந்துதான் கிடக்கும்.

வீட்டுக்குள் முளைத்த செடியைத் தொட்டியோடு வெளியே வைப்பதே சரி. மண்ணில்தான் வேண்டுமென்றால் தொட்டியை அப்படியே மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள், இலையுதிர் காலத்தில் தூக்கிவிடலாம். வெளியே கொண்டுபோக மே கடைசி வரை பொறுக்க வேண்டும். அதற்கு முன் பத்து நாள், பகலில் வெளியே இரவில் உள்ளே என்று பழக்க வேண்டும். இரவில் 10 டிகிரிக்குக் கீழே போகாத காலம் வந்ததும் வெளியிலேயே விடலாம்.

இடம் எது என்று கேட்டால், தக்காளி பழுக்கும் இடம் எதுவோ அதுதான். தெற்குப் பார்த்த செங்கல் சுவர் இருந்தால் மிகவும் நல்லது, பகல் சூட்டைப் பிடித்து வைத்து இரவில் கொடுக்கும். காற்று நேரே அடிக்கும் இடம் வேண்டாம்.

நான் ஸ்காட்லாந்தில் இருக்கிறேன். டொராண்டோவில் இருக்கிறேன். ஜெர்மனியில் இருக்கிறேன்.

ஸ்காட்லாந்து, நார்வே என்றால் கண்ணாடி வீட்டுக்குள்ளோ கன்சர்வேட்டரியிலோ மட்டும் வையுங்கள், வெளியில் முயன்று மனம் நோக வேண்டாம். டொராண்டோக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். குளிர்காலம் கொடுமையாக இருந்தாலும் ஜூலை வெயில் எங்களுடையதைவிட எவ்வளவோ மேல், பூவும் கூடுதலாகக் கிடைக்கும். அங்கே விக்டோரியா தின நீண்ட வார இறுதிக்குப் பிறகு வெளியே வைப்பது வழக்கம். ஜெர்மனியில் மே 11 முதல் 15 வரையிலான 'பனிப் புனிதர்கள்' நாட்கள் கடக்கும்வரை எதையும் வெளியே வைக்காதே என்று பழைய தோட்டக்காரர்கள் சொல்வார்கள். அந்த நாட்டுக் கணக்கை மதியுங்கள், கார்த்திகைப்பூவுக்கு இன்னும் இரண்டு வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூங்கில் குச்சி நட்டேன், கொடி பிடிக்கவே இல்லை. ஏன்?

குச்சி பருமன் அதிகம். இந்தக் கொடி தண்டால் சுற்றி ஏறாது. இலையின் நுனிதான் நீண்டு சுருண்டு பற்றுக்கம்பியாகிறது. சின்னக் குழந்தையின் விரல் மாதிரி, மெல்லிய பொருளைத்தான் அதால் பிடிக்க முடியும். சணல் கயிறு, பட்டாணிக்குக் கட்டும் வலை, காய்ந்த ஹேசல் கிளை எல்லாம் நன்றாக உதவும். ஊரில் முள்வேலியிலும் பற்றையிலும் அது ஏன் அவ்வளவு சந்தோஷமாக ஏறுகிறது என்பது அப்போது விளங்கும். நான் ரோஜாச் செடியைக் கவாத்து செய்த முள்கிளைகளையே தொட்டியில் குத்தி வைக்கிறேன். ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் உயரம் ஏறும்.

முளை ஒரு சாண் வளரும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். தண்டு வளைத்தால் ஒடியும். ஒடிந்தால் அந்தக் கிழங்கு பெரும்பாலும் அந்த வருடம் மறுபடி தளிர்க்காது.

எப்போது பூக்கும்? எவ்வளவு நாள் நிற்கும்?

முளை தெரிந்து இரண்டு, இரண்டரை மாதத்தில். எனக்கு ஜூலை கடைசியில் தொடங்கி செப்டம்பர் நடுவரை, அதாவது ஆடியில் கார்த்திகைப்பூ. மொட்டு பச்சையாகத் தலைகுனிந்து வரும். விரியும்போது ஆறு இதழும் மேல்நோக்கி மடங்கும், முதலில் பச்சை கலந்த மஞ்சள், நாளாக ஆகச் சிவப்பு மேலிருந்து இறங்கும். ஒரே கொடியில் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்கலாம். ஒரு பூ ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும். பெண்களின் விரலுக்கு இதை ஒப்பிட்டார்கள் சங்கப் புலவர்கள். குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்கள் பட்டியல் தொடங்குவதே செங்காந்தளில்தான்.

மொட்டு தெரிந்ததிலிருந்து பத்து நாளுக்கு ஒருமுறை தக்காளி உரம் ஊற்றுங்கள். மேல்மண் காய்ந்ததும் தண்ணீர். தொட்டி தட்டில் நீர் தேங்கி நிற்கக் கூடாது.

கார்த்திகை மாதத்திலேயே பூக்க வைக்க முடியாதா?

நவம்பர் கடைசியில் மாவீரர் நினைவு நாளுக்கு வேண்டும் என்று கேட்பவர்கள் அதிகம். ஆசை எனக்கும் இருந்தது. ஒரு வருடம் இரண்டு கிழங்கை ஜூலை கடைசிவரை காய வைத்திருந்து நட்டேன். கொடி வந்தது, அக்டோபரில் மொட்டும் வந்தது, ஒவ்வொன்றாக மஞ்சளாகி உதிர்ந்தது. நவம்பர் கடைசியில் லண்டனில் பகல் எட்டு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல், அதுவும் மேகத்துக்குள். சூடேற்றிய கண்ணாடி வீடும் செடி விளக்கும் இருந்தால் முடியும், மின்கட்டணத்தை நீங்கள்தான் பார்க்க வேண்டும். அந்த நாளுக்குப் பூக்கடையில் முன்கூட்டியே சொல்லி வைப்பதுதான் நடக்கிற காரியம். குளோரியோசா வெட்டுப்பூ வியாபாரத்தில் வருடம் முழுக்க ஓடுகிற பூ. ஜப்பானின் கொச்சி மாகாணத்தில் இதற்கென்றே கண்ணாடி வீடுகள் இருக்கின்றன.

விஷம் என்கிறார்களே, எவ்வளவு?

உயிரைக் கொல்லும் அளவு. கொடி முழுக்க விஷம், கிழங்கில் மிக அதிகம். உள்ளே இருப்பது கோல்ச்சிசின். கீல்வாத மருந்தில் மிகச் சிறிய அளவில் சேர்க்கும் அதே பொருள். திண்டுக்கல், கரூர், தாராபுரம் பக்கம் ஏக்கர் கணக்கில் கண்வலிக்கிழங்கு பயிரிட்டு விதையை விற்பது இதற்காகத்தான்.

தின்றவுடன் தெரியாது என்பதுதான் இதில் மோசம். சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும். சாதாரண வயிற்றுக் கோளாறு என்று நினைத்து விட்டுவிட்டால் அடுத்த நாட்களில் உறுப்புகள் செயலிழக்கும். யாராவது வாயில் வைத்தது தெரிந்தால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனை, பிரிட்டனில் 999. செடியின் பெயரைச் சொல்லுங்கள், ஒரு துண்டையும் கையோடு கொண்டுபோங்கள்.

பார்க்க வள்ளிக்கிழங்கு மாதிரியே இருக்கும். இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் தவறிச் சமைத்துச் சாப்பிட்டு இறந்தவர்கள் உண்டு. எங்கள் வீட்டிலேயே ஒரு குளிர்காலம், குசினி ஓரத்தில் பழுப்புக் காகிதப் பையில் வைத்திருந்ததை மாமி எடுத்து, "தம்பி, இது என்ன கிழங்கு, அவிக்கட்டா?" என்று கேட்டார். பூவை ஆயிரம் தடவை பார்த்தவர், கிழங்கைப் பார்த்ததில்லை. அன்றிலிருந்து கிழங்கு தொட்டியை விட்டு வெளியே வருவதே இல்லை, தொட்டியிலும் தமிழில் ஒன்று ஆங்கிலத்தில் ஒன்று என்று எச்சரிக்கைச் சீட்டு இருக்கும். கையுறை போட்டுத் தொடுங்கள். தவழும் குழந்தையோ மண்ணைத் தோண்டும் நாயோ உள்ள வீடென்றால் இந்தப் பூவைச் சில வருடம் தள்ளிப் போடுங்கள், ஓடிவிடாது.

குளிர்காலத்தில் எப்படி வைப்பது?

செப்டம்பர் கடைசியில் இலை மஞ்சளாகத் தொடங்கும். அப்போது தண்ணீரைக் குறைத்து, பிறகு நிறுத்திவிடுங்கள். தொட்டியை மழை படாத இடத்துக்கு மாற்றுங்கள். பச்சையாக இருக்கும்போதே கொடியை வெட்டாதீர்கள், இலையில் இருப்பது கிழங்குக்கு இறங்க வேண்டும். முழுக்கக் காய்ந்ததும் மண்மட்டத்துக்கு வெட்டிவிட்டு, தொட்டியோடு 10 முதல் 15 டிகிரி இருக்கும் இடத்தில் வையுங்கள். படிக்கட்டுக்குக் கீழே உள்ள அலமாரி இதற்கென்றே கட்டியது போல இருக்கும். வெளிச்சம் தேவையில்லை, தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம். ஃபிரிட்ஜ் வேண்டாம், மிகவும் குளிர், அது உணவு வைக்கும் இடமும்கூட. சூடேற்றாத கராஜும் ஜனவரியில் ஆபத்து.

ஒரு கிழங்கு பலவாகுமா? விதை போடலாமா?

ஆகும். வருடா வருடம் பழைய கிழங்கு சுருங்கிப் போய், அதன் இடத்தில் பெரும்பாலும் இரண்டு புதிய விரல்கள் உருவாகும். மார்ச்சில் மண்ணை மாற்றும்போது கவட்டையை மெதுவாகப் பிரித்துத் தனித்தனியே நடலாம். அந்த நேரம் தவிர வேறெப்போதும் பிரிக்காதீர்கள்.

விதைக்குப் பொறுமை வேண்டும். பூவின் சூல்தண்டு நேராக நிற்காமல் பக்கவாட்டில் மடங்கி மகரந்தப் பைகளிலிருந்து விலகி நிற்பதால், தமிழ்நாட்டு வயல்களில் காலையில் ஆட்கள் பூப்பூவாகப் போய்க் கையால் மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். இங்கேயும் சின்னத் தூரிகையால் செய்யலாம், ஆனால் வெளியில் காய் முற்றுவதற்குள் குளிர் வந்துவிடும். முற்றினாலும் விதை முளைக்க மாதங்கள், பூக்க மூன்று வருடம் போல ஆகும். நான் வாடிய பூவைக் கிள்ளிவிடுகிறேன், கிழங்காவது பருக்கட்டும்.

பூச்சி?

ஸ்லக் என்கிற ஓடில்லா நத்தை மட்டும்தான் பெரிய எதிரி. மண்ணிலிருந்து வரும் முளையை ஒரே இரவில் தின்றுவிடும், அதனால் வெளியே வைத்த முதல் வாரங்களில் டார்ச்சோடு போய்ப் பாருங்கள். கொடி நுனியில் அசுவினி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் போதும். கண்ணாடி வீட்டுக்குள் காற்று வறண்டால் செஞ்சிலந்தி வரும். ஊரில் இந்தச் செடியை மொட்டையாக்கும் கறுப்பு வெள்ளைப் புழுவை இங்கே நான் கண்டதில்லை.

மே மாதமும் முடியப் போகிறது, இன்னும் முளைக்கவில்லை. தூக்கிப் போடலாமா?

தொட்டி ஓரத்தில் விரலை மெதுவாக விட்டுக் கிழங்கின் நடுப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், முனைப் பக்கம் போகாதீர்கள். கொழகொழவென்று இருந்தால் முடிந்துவிட்டது. கையுறையோடு எடுத்துக் கட்டிக் குப்பையில் போடுங்கள். கெட்டியாக இருந்தால் மூடிவிட்டு, தொட்டியை வீட்டிலேயே சூடான இடத்துக்கு மாற்றிக் காத்திருங்கள். எனக்கு ஒன்று ஜூன் 20ஆம் தேதிதான் தலைகாட்டியது. செப்டம்பர் நடுவில், மற்றதெல்லாம் மஞ்சளாகிக்கொண்டிருக்கும்போது இரண்டே இரண்டு பூப் பூத்தது.